சேர்ந்து நிற்காத கல்யாணப் படம்

க்ரிம்ஸ்பியில் என் வீட்டுக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் ஒரு சின்ன மின்பலகை இருக்கிறது. அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று அது காட்டும். எட்டு, ஐந்து, இரண்டு என்று குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இதோ வந்துவிட்டது என்ற அர்த்தத்தில் 'ட்யூ' என்று போடும். பஸ் வராது. கொஞ்ச நேரத்தில் அந்த வரியே பலகையிலிருந்து காணாமல் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்கு இருபது நிமிடம் என்று புதிதாக எண்ண ஆரம்பிக்கும். வராத பஸ் என்ன ஆனது என்று யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரக் கிழவர் பலகையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், புருவத்தை ஒரு தடவை தூக்கி இறக்குவார். அவருடைய கோபம் அதோடு தீர்ந்துவிடும். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டாக இருந்தால் டைம் கீப்பர் அறையைச் சுற்றி இந்நேரம் ஒரு கூட்டம் கூடியிருக்கும். வந்த புதிதில் நான் அந்தப் பலகையைத் தமிழில் சத்தமாகத் திட்டினேன். நான் போனில் குடும்பத்தோடு பேசுகிறேன் என்று நினைத்துக் கிழவர் மரியாதையாக நாலு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

என் மனைவி ஜெமீலாவின் விசாவும் இப்படித்தான் இரண்டு வருஷத்துக்கு மேல் பலகையில் தெரிந்து தெரிந்து மறைந்தது. விண்ணப்பம் போட்டபோது இத்தனை வாரம் ஆகும் என்று இணையதளத்தில் போட்டிருந்தார்கள். அந்த வாரங்கள் தீர்ந்தபோது இணையதளத்தில் வாரங்கள் கூடியிருந்தன. அவள் சென்னையில் போய்க் கைரேகை கொடுத்தாள். அதன் பிறகு அவளுடைய காகிதங்கள் எந்த நாட்டில், எந்த ஊரில், யார் மேசையில் கிடந்தன என்று எங்களுக்குத் தெரியாது. போன் செய்தால் 'பரிசீலனையில் இருக்கிறது' என்றார்கள். எப்போது முடியும் என்றால், அதைச் சொல்ல முடியாது என்பதை மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். மனைவியைக் கூப்பிட்டுக்கொள்ள எழுதிப் போட்டுவிட்டுக் கிடக்கிற ஆட்களுக்காகவும், 'இன்னுமா கூப்பிட்டுக்கல' என்று அவர்களை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் குடைகிற சொந்தக்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். அதற்காக எழுதவில்லை.

எனக்குச் சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், வெள்ளாறு கடலில் சேருகிற இடம். எட்டாவது பரீட்சையில் தேறாமல் போனதும் பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். கிள்ளைப் பக்கம் இறால் குட்டையில் காவல் இருந்தேன். அண்ணாகிராமத்திலிருந்து முந்திரி மூட்டை ஏற்றும் லாரியில் கிளீனராகப் போனேன். பிறகு சவுதி, அங்கிருந்து திரும்பி மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை, அப்புறம் ஒரு சரக்குக் கப்பலின் சமையலறை. ஒரு இடத்தில் மூன்றாவது ரமலான் வந்தால் எனக்குக் கால் அரிக்கும். இங்கே ஒரு உணவகத்துக்குச் சமையல்காரனாக வந்தேன். அது மூடிய பிறகும் தட்டுத்தடுமாறி இருந்து, நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கி, இப்போது மீன் தொழிற்சாலையில் வேலை. மீன் ஊரிலிருந்து வந்து மீன் ஊரில் சேர்ந்தாயிற்று. ஆனால் இங்கே மீனுக்கு வாசனை கிடையாது. ஐஸ்லாந்திலிருந்து கல் மாதிரி வரும். நாங்கள் அதை அறுத்து, மாவு தடவி, மறுபடி கல்லாக்கி அனுப்புவோம்.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்களில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்தால் அவளுக்கென்று ஒரு வீடோ, வீட்டில் ஒரு பங்கோ ஒதுக்குவார்கள். கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போய் இருப்பான். என் உம்மா இருந்த வீடு என் தங்கைக்குப் போனது. அது சரிதான், எனக்கு அதில் வருத்தமில்லை. எங்கள் தெருவில் எந்த ஆணுக்கும் சொந்த வீடு இல்லை. அதனால்தானோ என்னவோ, எல்லோரும் கப்பல் ஏறுகிறோம். நானும் வயது ஏறிய பிறகுதான் ஜெமீலாவைக் கட்டினேன். அவள் அண்ணாமலை நகரில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். எட்டாவதில் தோற்றவனை ஏன் கட்டினாய் என்று ஒருதரம் கேட்டேன். "ஊரெல்லாம் சுத்தி முடிச்சிட்டீங்க, இனிமே சுத்த மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

நிக்காஹ் பள்ளிவாசலில் நடந்தது. அங்கே ஆண்கள் மட்டும். பெண் அவளுடைய வீட்டில், பெண்கள் நடுவில் இருப்பாள். அவளுடைய வாப்பா மவுத்தாகிவிட்டதால் தம்பி சுல்தான்தான் பொறுப்பாளி. அவன் இரண்டு சாட்சிகளோடு வீட்டுக்குப் போய், இன்னாரைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அக்காவைக் கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குத் திரும்பி வந்து, என் கையைப் பிடித்து மணம் முடித்துக் கொடுத்தான். பிறகு என்னை அழைத்துப் போய் அக்கா வீட்டில் விட்டான். ஆக, ஒரு கல்யாணத்துக்கு இரண்டு ஆல்பம். பள்ளிவாசலில் படம் எடுத்தவர் போட்டோக்காரர். வீட்டுக்குள் பெண்களை எடுத்தது ஜெமீலாவின் மாமி மகள். பெண்கள் ஆல்பம் அலமாரிக்குள் இருக்கும். வீட்டு வாசற்படி தாண்டாது. பார்க்க வேண்டிய பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

எனவே விசாவுக்குக் கல்யாணப் படம் கேட்டபோது நாங்கள் ஆண்கள் ஆல்பத்தை அனுப்பினோம். எங்கள் ஊர்க்காரர்கள் தவிர வேறு யாரும் இந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டார்கள். சம்பளச் சீட்டு சரி, அவளுடைய இங்கிலீஷ் பரீட்சை சரி, ஜமாஅத் கொடுத்த சான்றிதழ் சரி. கல்யாணப் படத்தில் மட்டும் மணமகனும் தொப்பி போட்ட ஐம்பது அறுபது ஆண்களும். எங்களுக்கு அது கொஞ்சமும் விசித்திரமாகத் தெரியவில்லை.

தெரிந்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் எங்கள் மேற்பார்வையாளர் டேவ் என்பவர் ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் என் கல்யாணப் படம் பார்க்க ஆசைப்பட்டார். போனை நீட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவர், சுல்தானும் நானும் முழங்காலோடு முழங்கால் உட்கார்ந்து கைபிடித்திருக்கும் படத்தில் நின்றார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்து என் தோளைத் தட்டி, "ரொம்பச் சந்தோஷம். உங்கள் ஊரில் இதற்கெல்லாம் அனுமதி உண்டு என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் நன்றாக இருங்கள்" என்றார். முகத்தில் கேலியே இல்லை. மனதார வாழ்த்தினார். நான் நன்றி சொன்னேன். அதற்குப் பிறகு பல மாதம், 'அவன் எப்போது வருகிறான்' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் 'அவள்' என்று திருத்துவேன். என் இங்கிலீஷ் இன்னும் தேறவில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். விஷயம் தெளிந்த அன்று, அவர் முகம் நாங்கள் அறுக்கிற சால்மன் மாதிரி சிவந்துபோனது.

டேவுக்கு வந்த சந்தேகம் விசா அதிகாரிக்கு வேறு மாதிரி வந்தது. நிராகரித்து எழுதிவிட்டார்கள். முதலில் அது ஜெமீலாவுக்குத்தான் போனது. அவள் வேலையிலிருந்து வீடு திரும்பும் பஸ்ஸில் இருந்தபடியே எனக்குப் போன் செய்தாள்.

"நம்ம கல்யாணம் நடந்ததுன்னு அவுங்களுக்கு நம்பிக்கை வரலியாம் மச்சான்."

"ஏனாம்?"

"பொண்ணு இல்லாத கல்யாணமாம். ஒரு போட்டோவுலகூட நாம சேர்ந்து நிக்கலியாம். சேர்ந்திருக்கிறது ஒண்ணே ஒண்ணாம், பிச்சாவரம் போட்டுல எடுத்தது. அதுல லைஃப் ஜாக்கெட்டுதான் தெரியுதாம், மூஞ்சி தெரியலியாம்."

"அப்புறம்?"

"கல்யாணமாயி நான் உங்க வீட்டுல ஒரு நாளும் தங்கலியாம். அதனால நாம குடும்பம் நடத்தலியாம்." பஸ் ஹாரன் கேட்டது. "உங்க வீடு எதுன்னு எனக்கே தெரியாதே, நான் எங்க போயித் தங்குறது?"

அவள் சிரித்தாளா அழுதாளா என்று பஸ் சத்தத்தில் எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் இல்லை.

லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் விசா வேலை பார்க்கும் ஒரு ஏஜென்ட்டிடம் சுல்தான் கூட்டிப்போனான். அவர் காகிதத்தை முழுக்கப் படிக்கவில்லை. இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "மேல்முறையீடெல்லாம் போவாதீங்க தம்பி. அது வர்றதுக்குள்ள ஒங்களுக்குப் பேரப்புள்ள பொறந்துரும்" என்றார். "பொண்டாட்டியே அங்க வரல, பேரப்புள்ளைக்கு எங்க போறது?" என்று நான் கேட்டதை அவர் ரசிக்கவில்லை. புதிதாக விண்ணப்பம் போடச் சொன்னார். இந்தத் தடவை ஜோடியாக நிற்கிற கல்யாணப் படம் நாலு வேண்டும். மாலை, மேடை, நாற்காலி எல்லாம் சிதம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவில் இருக்கிறது, எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், ஆறு மாதத்தில் வேலை முடியும் என்றார். பிடிபட்டால் பொய் ஆதாரம் கொடுத்ததாக எழுதிப் பல வருஷத்துக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் நான் சரி என்றேன். காத்திருந்து காத்திருந்து மனுசனுக்கு ஒரு கட்டத்தில் எது வேகமோ அதுவே நியாயமாகத் தெரியும். இதைப் படிக்கிற பல பேருக்கு அந்தக் கட்டம் தெரிந்திருக்கும்.

ஸ்டூடியோ கீழ வீதிப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. சிவப்புத் துணி போர்த்திய மேடை, தெர்மாகோல் தூண்கள், பிளாஸ்டிக் மல்லிகைச் சரம். ஜெமீலா கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, மேலே துப்பட்டியைச் சுற்றி, பஸ்ஸில் வந்திருந்தாள். போட்டோக்காரர் நல்ல மனுஷர். எங்கள் இரண்டு பேர் கழுத்திலும் மாலையைப் போட்டுவிட்டு, கேமராவுக்குப் பின்னால் போய்க் குனிந்தார்.

"பாய், நீங்க கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. அம்மா, நீங்க அவரு தோள்மேல கைய வெச்சுகினு, கொஞ்சம் வெக்கப்பட்டுச் சிரிங்க."

"எதுக்கு வெக்கப்படணும்?" என்றாள் ஜெமீலா.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கணும் இல்லம்மா."

"எனக்குக் கல்யாணமாயி ஒரு வருசத்துக்கு மேல ஆவுதுங்க."

"ஆச்சும்மா, யாரு இல்லன்னா. போட்டோவுல ஆவலியே."

சுல்தான் சத்தமாகச் சிரித்துவிட்டான். ஜெமீலா சிரிக்கவில்லை. மாலையைக் கழற்றினாள். அதைத் தரையில் போடாமல், மேடையில் இருந்த ராஜா நாற்காலியில் ஒழுங்காக வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, கடைக்காரர் இருக்கிறாரே என்று குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்:

"மச்சான், இந்தப் படத்த எடுத்தோம்னா அன்னிக்கி நடந்தது பொய்யின்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. இது வேணாம்."

"லாத்தா, ஒரு கிளிக்குல முடிஞ்சுரும் லாத்தா" என்றான் சுல்தான். அக்காவை எங்கள் பக்கம் லாத்தா என்போம். "மேல்முறையீடுன்னா ஜாஸ்தி நாளாவும். நீதான் இங்க தனியா கெடக்கணும்."

"நான் எங்கடா தனியா கெடக்குறேன்? என் வீட்டுல இருக்குறேன். அவுங்கதான் அங்க தனியா கெடக்குறாங்க." என்னைப் பார்த்தாள். "கெடப்பீங்களா?"

கிடப்பேன் என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு நெஞ்சுக்குள் பெரிய வீரம் ஒன்றும் பொங்கவில்லை. என் மாலையையும் கழற்றி அதே நாற்காலியில் வைத்தேன். போட்டோக்காரர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். "மேடையில வெச்சதெல்லாம் நான் எடுத்துக்கிறேன், நீங்க போய்ட்டு வாங்கம்மா" என்று மட்டும் சொன்னார். படியிறங்கியதும், கல்யாணப் புடவை வீணாய்ப் போகக் கூடாதென்று மூன்று பேரும் ஒரு கடையில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டோம்.

மேல்முறையீட்டுக்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி மிஞ்சியது. அதை ஜெமீலாதான் எடுத்துப் போட்டாள். அலமாரியைத் திறந்து பெண்கள் ஆல்பத்தையும், பக்கத்தில் ஆண்கள் ஆல்பத்தையும் விரித்து வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். பெண்கள் ஆல்பத்தில் ஒரு படம். உள்ளறை வாசலில் சுல்தான் குனிந்து நிற்கிறான், கையில் நிக்காஹ் பதிவேடு. எதிரே, தலை குனிந்து, பேனா பிடித்த ஜெமீலா. சுல்தானின் வெள்ளைச் சட்டைப் பையில் ஒரு சிவப்புக் கறை. ஆண்கள் ஆல்பத்தில் அவன் என் கையைப் பிடித்திருக்கிற படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே சட்டை, அதே பை, அதே கறை. அன்று காலையில் பந்தல்காரருக்கு ரோஸ் சர்பத் கொடுக்கப் போய் மேலே கொட்டிக்கொண்டு, மாற்றுச் சட்டை இல்லாமல் கல்யாணம் முழுக்க அதோடு திரிந்தவன்.

"இது ரெண்டு கல்யாணமா, ஒரு கல்யாணமா?" என்றாள்.

சுல்தானுக்கு ஒரே சங்கடம். "அந்தக் கறைய கம்ப்யூட்டர்ல அழிச்சுத் தர்றேன்னுதான் கல்யாணத்துல படம் எடுத்த போட்டோக்காரரு சொன்னாரு. நான்தான் சோம்பேறித்தனமா உட்டுட்டேன்" என்றான்.

ஆனால் பெண்கள் ஆல்பம் படி தாண்ட வேண்டுமே. என் மாமியார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஜெமீலா படத்தில் இருந்த ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் போனாள். இந்த இந்தக் காரியத்துக்கு, இந்த இந்த ஆட்கள் பார்ப்பார்கள், சம்மதமா என்று ஒவ்வொருத்தியையும் முகத்துக்கு நேரே கேட்டாள். நிக்காஹ் அன்று அவளைச் சுல்தான் கேட்ட மாதிரியே. பெரும்பாலானவர்கள் சரி என்றார்கள். ஒருத்தி மாட்டேன் என்றாள். அவள் முகத்தின் மேல் மட்டும் கறுப்புத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டினாள் ஜெமீலா. ஏன் ஒட்டியிருக்கிறது என்பதையும் தன் இங்கிலீஷில் ஒரு வரி எழுதி வைத்தாள். கடைசியில் என் மாமியார், "பாக்கட்டும். எங்க வூட்டுக் கல்யாணத்துக்கு எத்தினி பொம்பளைங்க வந்தாங்கன்னு அவுங்களும் எண்ணிப் பாக்கட்டும்" என்றார்.

நான் திரும்பி வந்தேன். மேல்முறையீடு வரிசையில் போய் நின்றது. மாரிக்காலம் போனது, ரமலான் போனது, மறுபடி மாரிக்காலம். விசாரணைக்கு ஒரு தேதி வந்தது, பிறகு ஆள் போதவில்லை என்று தள்ளிப்போனது. ஊரில் பார்க்கிற பெண்களெல்லாம் ஜெமீலாவிடம் பரிதாபப்பட ஆரம்பித்தார்கள். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வேலை பார்த்த நிலையத்தில் மேல் பொறுப்புக்கு வந்தாள். "காத்துக்கிட்டு இருக்கிறவ மூலையிலதான் உக்காந்திருக்கணுமா?" என்பாள். நாங்கள் தினமும் பேசினோம். அவள் மீன் வாங்கிய கதையைச் சொல்வாள், நான் மீன் அறுத்த கதையைச் சொல்வேன். கணவன் மனைவிக்கு வேறென்ன பேச்சு இருக்கிறது? அதிகாரி கேட்ட குடும்ப வாழ்க்கை இதுதான் என்று போனைத் தூக்கி அவர் காதில் வைக்கலாம் போலிருக்கும்.

விசாரணை நாளில் ஜெமீலாவுக்குப் பேச வாய்ப்பில்லை. நான்தான் பேச வேண்டும். நீதிபதி ஒரு நடுவயதுப் பெண். அரசாங்கத்துக்கு ஒரு இளம் வக்கீல். மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். மூன்று பேரும் நல்லவர்களாகத்தான் தெரிந்தார்கள். அதுதான் இந்த நாட்டில் எனக்கு எரிச்சல். யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியாது.

"கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் மனைவி உங்கள் வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. சரியா?" என்று வக்கீல் கேட்டார்.

"சரி."

"ஏன்?"

"எனக்கு வீடு கிடையாது."

மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பினார். "வீடு இல்லையெண்டோ சொன்னனீங்கள்?" என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு, அப்படியே இங்கிலீஷில் சொன்னார். நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். அப்படியானால் மனைவி வந்தால் எங்கே தங்குவார் என்று கவலையோடு கேட்டார். க்ரிம்ஸ்பியில் வாடகை வீடு இருக்கிறது, ஊரில்தான் இல்லை, எங்கள் ஊரில் வீடு பெண்களுக்கு என்று விளக்கினேன்.

"அப்படியானால் ஆண்கள் எங்கே இருப்பார்கள்?"

"கல்யாணம் வரைக்கும் உம்மா வீட்டுல. அப்புறம் பொண்டாட்டி வீட்டுல. மிச்ச நேரம் வெளிநாட்டுல."

நீதிபதியின் உதட்டோரம் அசைந்தது. வக்கீல் விடவில்லை. கல்யாணப் படத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து இல்லாதது உங்களுக்கே விநோதமாகப் படவில்லையா என்றார்.

"படத்துலதான் சேர்ந்து நிக்கல. மத்தபடி சேர்ந்துதான் இருந்தோம். இப்பப் பிரிச்சு வெச்சிருக்கிறது உங்க ஆபீசு."

யாழ்ப்பாணத்து அம்மா ஒரு சொல்லைக்கூட மழுப்பாமல் அதைச் சொன்னார். நீதிபதி இரண்டு படங்களையும் கையில் எடுத்து, கறையில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். ரோஸ் சர்பத் என்றேன். அவர் அதைக் கேட்டு எழுதிக்கொண்டார். சுல்தான் கொட்டிக்கொண்ட சர்பத் இங்கிலாந்தின் நீதிமன்றப் பதிவில் ஏறியது.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. வந்தவுடன் ஆட வேண்டாம், எதிர்த்தரப்பு மறுபடி மேலே போகலாம் என்றார்கள். போகவில்லை. அப்புறம் பாஸ்போர்ட்டைச் சென்னைக்கு அனுப்பி, அங்கேயும் ஒரு காத்திருப்பு. எல்லாம் முடிந்து விசா கைக்கு வந்த அன்று ஜெமீலா போன் செய்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "நான் உங்க வீட்டுக்கு வர மாட்டேன்" என்றாள்.

"ஏன்?" என்றேன்.

"நம்ம தெருவுல எவளாச்சும் புருசன் வீட்டுக்குப் போயிருக்காளா? இவ்ளோ நாளு அதச் சொல்லித்தான கேஸ் நடத்துனோம். அங்க வீடு என் பேருல இருந்தா வர்றேன்."

அவள் விளையாடுகிறாள் என்று முதலில் நினைத்தேன். அவள் விளையாடவில்லை. வீட்டுக்காரரிடம் போய், வாடகை ஒப்பந்தத்தில் என் பெயருக்கு மேலே மனைவி பெயரைப் போட வேண்டும் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, விவாகரத்தா என்று கேட்டார். இல்லை, அவள் முதல்முறையாக வருகிறாள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவள் வந்ததும் கையெழுத்துப் போடத் தயாராக எழுதி வைத்தார்.

விமான நிலையத்திலிருந்து ரயில் மாறி மாறி நாங்கள் க்ரிம்ஸ்பி வந்து சேர்ந்தபோது மதியம். தூறல். வாசலில் வந்ததும் ஜெமீலா கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். திறந்து உள்ளே போனாள். நான் பெட்டியோடு பின்னால் போகக் கால் எடுத்தபோது, "நீங்க நில்லுங்க. மாப்பிள்ளைன்னா, கூப்புட்டாத்தான் வரணும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே அவள் போனில் ஊரைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு அறை அறையாக நடந்து காட்டுகிற சத்தம்.

பக்கத்து வீட்டு மார்கரெட் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். மழையில் பெட்டியோடு நிற்கும் என்னைப் பார்த்து, சாவி தொலைந்துவிட்டதா என்றார்.

"இல்லை. இது என் மனைவியின் வீடு. கூப்பிடுவதற்காக நிற்கிறேன்."

"நீ இங்கேதானே இத்தனை வருஷமாக இருக்கிறாய்?"

"இருந்தேன்" என்றேன்.

அவர் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். புதிதாக வந்தவளோடு முதல் நாளே சண்டை என்று முடிவு கட்டியிருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து, ஒன்றும் கேட்காமல் வேலிக்கு மேலாக நீட்டினார். அந்த நேரத்தில் எங்கள் கதவில் கடிதம் போடுகிற துவாரத்தின் மூடி உள்ளிருந்து திறந்தது. அதன் வழியாகப் போன் வெளிச்சமும் சுல்தானின் குரலும் வந்தன.

"மச்சான், கொஞ்சம் நில்லுங்க. உம்மா இன்னும் அடுப்படி பாக்கல."

பின்னால் என் மாமியார், அடுப்பு எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனில் தூரத்தில் பரங்கிப்பேட்டையின் மஃரிப் பாங்கு, அந்தித் தொழுகைக்கான அழைப்பு, சன்னமாகக் கேட்டது. நான் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. ஒரு கையில் அது, இன்னொரு கையில் மார்கரெட்டின் தேநீர், முதுகில் க்ரிம்ஸ்பி மழை. அப்படியே குனிந்து, அந்தத் துவாரத்தில் காதை வைத்துக்கொண்டு படியில் நின்றேன்.